மழையில்லாத இரவிலும் ட்ரிப் ஆன சீரியல் லைட்

நாகர்கோவில் வீட்டு மாடியில் கிறிஸ்துமஸ் சீரியல் லைட் கட்டிய நாள்முதல், பனி இறங்கும் நேரம் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. மழையே இல்லாத இரவிலும்! பல்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஜாயின்ட்டில் டேப் சுற்றினேன். அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்ததுதான் மிச்சம். எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யையே மாற்றினார். மூன்று நாள் போச்சு.

லைட் வந்த பெட்டியின் முன்பக்கம் பெரிதாக ஐபி44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்ற குறியீடு). ஆனால் அது விளக்குச் சரத்துக்கு மட்டும். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் ஐபி20, அதாவது தண்ணீருக்கு எந்தக் காப்பும் கிடையாது. ஒயர் வழியே வழிந்த பனித்துளி நேராக அதற்குள் இறங்கியிருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு அடாப்டரை ஜன்னலுக்கு உள்ளே மாற்றினேன். ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றி நுழைத்தேன். துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. இரண்டு மழை பார்த்தாயிற்று, லைட் அணையவில்லை.