பிள்ளையின் போனுக்கு உளவுச் செயலி வேண்டாம், ஃபேமிலி லிங்க் போதும்

பிள்ளைக்குத் தனி ஆண்ட்ராய்டு போன் கொடுத்திருக்கிறீர்களா? மாதச் சந்தா கட்டி, மெசேஜ் எல்லாம் படிக்கும் உளவுச் செயலியைப் போடுவதற்கு முன், பெற்றோருக்காக கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டுப் பாருங்கள். இலவசம். அமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதை எல்லாம் உங்களால் பார்க்க முடியும் என்று காட்டிவிடுங்கள்.

புதிய செயலி இறக்க உங்கள் அனுமதி, தினசரி நேர அளவு, இரவில் தானாகப் பூட்டிக்கொள்வது, போன் இருக்கும் இடம்: பெரும்பாலான பெற்றோருக்குத் தேவை இவ்வளவுதான், ஃபேமிலி லிங்க்கில் இவை எல்லாம் உண்டு. வாட்ஸ்அப் அரட்டையை இது காட்டாது. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை. உளவுச் செயலியோ அரட்டை, படம் என்று எல்லாவற்றையும் வேறொருவரின் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எம்ஸ்பை என்ற செயலியிலிருந்து 2015, 2018, 2024 என மூன்று முறை தகவல்கள் கசிந்தன. தவிர, ஒளிந்து பார்ப்பது தெரிந்த அன்றே பிள்ளை இன்னொரு கணக்கு தொடங்கிவிடும், அப்புறம் எதுவும் உங்கள் கண்ணில் படாது.

உங்கள் போனையே பிள்ளை வாங்கிப் பார்க்கிறது என்றால் ஃபேமிலி லிங்க் பயன்படாது. அதற்கு ஒரே செயலியைத் திரையில் நிறுத்தி வைக்கும் ‘ஆப் பின்னிங்’ போதும், செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். யாராவது பிள்ளையை மிரட்டுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் எந்தச் செயலியையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.