போட்ஷ்வா படுத்திய பாடு

ஜூலு மொழிக்கு ஃபோமாவில் (சொல் விதிகளை நிரலாக்க உதவும் மென்பொருள்) எழுதிய சொல் பகுப்பானை, அதாவது சொல்லை வேர், விகுதி என்று பிரிக்கும் நிரலை, கோசா மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டும் தென்னாப்பிரிக்காவின் ங்குனிக் கிளை மொழிகள்தானே, வேர்ப்பட்டியலை மாற்றினால் போதும் என்று நினைத்தது என் தப்பு.

'போபா' என்றால் கட்டு. செயப்பாட்டுவினையில் வரும் 'வ்' விகுதியால் வேரின் 'ப்' திரியும்: ஜூலுவில் 'போஷ்வா', கோசாவில் 'போட்ஷ்வா'. பழைய விதி 'ஷ்' மட்டுமே அறியும். கோசாச் சொல் வந்ததும் வெறும் கேள்விக்குறி.

'ட்ஷ்' என்று திருத்தினேன். சரி, முடிந்தது என்று பார்த்தால் 'உபோட்ஷிவே' (கட்டப்பட்டிருக்கிறார்) மாட்டிக்கொண்டது. இங்கே வேருக்கும் 'வ்'வுக்கும் நடுவே ஓர் 'இ'. விதியில் 'இ'யையும் சேர்த்தேன். உடனே, திரியவே கூடாத 'உபோபிலே' (கட்டியிருக்கிறார்) கூட 'உபோட்ஷிலே' ஆகிவிட்டது!

கடைசியில், ஒலியைப் பார்த்து முடிவெடுப்பதையே விட்டேன். செயப்பாட்டு விகுதிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை அகராதியிலேயே வைத்தேன். அந்தக் குறி வேரை ஒட்டி வந்தால் மட்டும் திரிபு; அப்புறம் அடுத்த விதி குறியை அழித்துவிடும். மூன்று சொற்களும் ஒழுங்காகப் பிரிந்தன. ஜூலுப் பக்கத்திலும் அதே குறியைப் போட்டுவிட்டேன். அங்கே 'உபோஷிவே' இத்தனை நாள் பிரியாமலே கிடந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.