தானியமில்லாத பிரெட்: நடுப்பகுதி ஏன் அமுங்குகிறது, துண்டு ஏன் உதிர்கிறது?

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொள்கின்றன. உப்பும்போது வாயுவைப் பிடித்து வைப்பதும், மாவுக்கு இழுவை தருவதும், வெந்தபின் உருவம் குலையாமல் நிற்பதும் அந்த ஒரே வலையின் வேலை. பாதாம், தேங்காய், மரவள்ளி, கொண்டைக்கடலை என்று எந்த மாவை எடுத்தாலும் இந்த வலை கிடையாது. அதனால் அதன் வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். உருவத்துக்கு முட்டை, இழுவைக்கும் ஈரத்துக்கும் இசப்கோல் என்ற விதை உமி, மெல்லும் பதத்துக்கு ஸ்டார்ச், உப்புவதற்குச் சோடாவும் புளிப்பும். பிரெட் சரியாக வரவில்லை என்றால் எந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனது என்று பார்த்தால் போதும். காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

பேசுவதற்கு வசதியாக ஓர் அடிப்படை அளவை வைத்துக்கொள்வோம். தோல் நீக்கிய பாதாம் மாவு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 60 கிராம், இசப்கோல் தூள் 12 கிராம், உப்பு 5 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், முட்டை 4, எண்ணெய் 30 கிராம், 5 சதவீத வினிகர் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 120 மி.லி. இது 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள டின்னுக்கான கணக்கு.

ஒரு மாவுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் போடுவது

எல்லாத் தவறுகளிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். பாதாம் மாவின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. தேங்காய் மாவு நேர் எதிர். பால் பிழிந்து, கொழுப்பின் பெரும்பகுதியை எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து அரைத்தது அது. நார் மிக அதிகம் என்பதால் தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 200 கிராம் பாதாம் மாவுக்குப் பதில் 200 கிராம் தேங்காய் மாவு போட்டால் மாவு மணல் மாதிரி உதிரும். அதைச் சரிசெய்யத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும் கட்டி ஒன்றுதான் கிடைக்கும்.

100 கிராம் பாதாம் மாவுக்கு ஈடாக 25 முதல் 30 கிராம் தேங்காய் மாவு, கூடவே ஒரு முட்டை. இதைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். கலந்ததும் பதத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், தேங்காய் மாவு அதற்குள் இன்னும் இறுகியிருக்கும். முழுக்கத் தேங்காய் மாவிலேயே பிரெட் செய்ய முட்டை நிறைய வேண்டும், முட்டை வாசனையும் தூக்கலாக வரும். பாதாம் மாவோடு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் சேர்ப்பதே அதற்கு ஏற்ற இடம்.

தோலோடு அரைத்த பாதாம் பொடியும் தோல் நீக்கிய நைசான மாவும் ஒன்றல்ல. தோலோடு இருப்பது கரகரப்பானது, பிரெட் கனமாகவும் நறநறவென்றும் ஆகும். கேக்குக்கு ஏற்கும், பிரெட்டுக்கு ஏற்காது.

அடுத்தது மரவள்ளிக் குழப்பம். மரவள்ளி மாவு என்பது முழுக் கிழங்கைக் காயவைத்து அரைத்தது. மரவள்ளி ஸ்டார்ச் என்பது கிழங்கிலிருந்து கழுவிப் பிரித்த வெள்ளைத் தூள், கையில் எடுத்தால் நறுக் நறுக்கென்று இருக்கும். முன்னதில் நார் உண்டு, அதனால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். பின்னது வெந்ததும் கண்ணாடிபோல் ஆகி இழுவை தரும். அளவு கூடினால் பிரெட் ரப்பர்போல் ஆகிவிடும். மொத்த மாவில் கால் பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. கூவைக்கிழங்கு மாவு, அதாவது ஆரோரூட், ஸ்டார்ச்சுக்கு மாற்றாக நிற்கும், இழுவை மட்டும் சற்றுக் குறையும். வீட்டில் பச்சை மரவள்ளியை அரைத்து மாவாக்கும் யோசனை வேண்டாம். பச்சைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு, முறையாகப் பதப்படுத்தித்தான் அவற்றை நீக்க முடியும்.

கொண்டைக்கடலை மாவு நன்றாகக் கட்டிப்பிடிக்கும், ஆனால் வேகாத இடத்தில் கசக்கும். மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதாமுக்குப் பதில் சூரியகாந்தி விதை மாவை அதே எடையில் போடலாம். எடைக்கு எடை அப்படியே மாற்றக்கூடியது ஏறக்குறைய இது ஒன்றுதான். ஆனால் மறுநாள் பிரெட்டின் உள்ளே பச்சை நிறம் தெரிந்தால் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு வினைபுரிந்து தரும் நிறம் அது, கெடுதல் இல்லை. சோடாவைக் கொஞ்சம் குறைத்து எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கூட்டினால் பச்சை மங்கும். பூஞ்சை என்றால் மேலே திட்டுத் திட்டாகப் பஞ்சுபோல் வரும், வாசனையும் மாறியிருக்கும்.

கப்பில் அளப்பது

பாதாம் மாவைக் கப்பால் அள்ளினால் ஒரு எடை, ஸ்பூனால் போட்டு நிரப்பினால் வேறு எடை. தேங்காய் மாவில் 15 கிராம் கூடினாலே மொத்த ஈரமும் போய்விடும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த பிரெட்டுக்கு ஓவனுக்கு அடுத்து முக்கியமான கருவி அதுதான்.

இசப்கோலை உலர்மாவோடு கொட்டிக் கலப்பது

இசப்கோல் தண்ணீரை இழுத்து ஜெல்லாக மாறியபின்தான் குளூட்டனின் இடத்தில் நிற்கும். உலர்மாவோடு சேர்த்துத் தண்ணீரை ஊற்றினால் சில இடத்தில் கட்டி கட்டும், சில இடத்தில் நனையவே நனையாது. முதலில் 120 மி.லி. தண்ணீரில் இசப்கோல் தூளைத் தூவியபடியே வேகமாக அடித்து 5 நிமிடம் விடுங்கள். கெட்டியான ஜெல் ஆனதும் முட்டை, எண்ணெய், வினிகரை ஊற்றி பீட்டரால் கட்டியில்லாமல் அடியுங்கள். பாதாம் மாவு, ஸ்டார்ச், உப்பு, சோடா நான்கையும் தனியாகச் சலித்து வைத்திருந்து கடைசியில் சேர்க்க வேண்டும்.

இசப்கோலின் முழு உமியும் அரைத்த தூளும் எடையில் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும், ஸ்பூன் அளவில் செய்யாது. தூள் அடர்த்தியானது. செய்முறையில் உமி என்று இருக்கும் இடத்தில் அதே ஸ்பூன் கணக்கில் தூளைப் போட்டால் இரண்டு மடங்குக்குப் போய்விடும், பிரெட்டும் ஈரக் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். மேல் ஓட்டுக்குக் கீழே பெரிய வெற்றிடமும் அடியில் பிசுபிசுப்பான பட்டையும் தெரிந்தால் தண்ணீர் அதிகம், அல்லது இசப்கோல் அதிகம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். முதலில் தண்ணீரை 20 மி.லி. குறைத்துப் பாருங்கள். சில இசப்கோல் தூள்கள் வெந்ததும் பிரெட்டை ஊதா நிறமாக்கும். அதுவும் கெடுதல் இல்லை, வேறு தயாரிப்புக்கு மாறினால் போய்விடும்.

சோடாவுக்குப் புளிப்பு போதாமல் போவது

சமையல் சோடா உப்பச் செய்ய அமிலம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அளவில்தான் கோட்டை விடுகிறோம். ஒரு டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் என்று பல செய்முறைகள் சொல்கின்றன. 5 சதவீத வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சோடாவைத்தான் ஈடுகட்டும், அதாவது கால் டீஸ்பூன் அளவு. மிச்சம் நிற்கும் சோடாதான் நாக்கில் சோப்பு போலத் தெரிகிறது, பிரெட்டின் நிறத்தையும் கருக்க வைக்கிறது. அரை டீஸ்பூன் சோடாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் வினிகர் என்ற நம் கணக்கு அதற்காகத்தான். சோடா அந்த வினிகரை முறித்துவிடும் என்பதால் பிரெட்டில் வினிகர் வாசனை நிற்காது.

உப்புவது போதவில்லை என்று சோடாவைக் கூட்டுவது பலனில்லாத வேலை. வாயு அதிகமாக வந்தாலும் பிடித்து வைக்க வலை இல்லை. மளமளவென்று எழும்பி நடுவில் பொத்தென்று அமுங்கிவிடும். சோடா ஈரத்தைத் தொட்டதும் வாயு கிளம்பிவிடுவதால், ஓவன் ஏற்கெனவே சூடாகி, டின்னில் பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக இருந்த பிறகே உலர்மாவைச் சேர்க்க வேண்டும். கலந்தபின் ஓவன் சூடாகட்டும் என்று காத்திருந்தால் பாதி உப்பல் கிண்ணத்திலேயே தீர்ந்திருக்கும்.

பேக்கிங் பவுடர் பயன்படுத்துகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் சோள ஸ்டார்ச் இருக்கும், சோளம் தானியம். சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புத் தூள் இரண்டு பங்கு, ஆரோரூட் ஒரு பங்கு கலந்தால் வீட்டிலேயே தானியமில்லாத பேக்கிங் பவுடர் தயார். இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். குளூட்டன் இல்லாதது வேறு, தானியமில்லாதது வேறு. அரிசி, சோளம், ஓட்ஸ், எல்லாச் சிறுதானியங்களும் தானியங்களே. மருத்துவக் காரணத்துக்காக குளூட்டனை ஒதுக்குகிறவர்கள், கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் பாதாமை அரைக்கக் கொடுக்கக் கூடாது.

முட்டையைக் குறைப்பது

வெந்து இறுகும் முட்டைப் புரதம்தான் இந்த பிரெட்டின் எலும்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே ஊற்றினால் நடுப்பகுதி சூடேற நேரமாகும், எண்ணெயும் சரியாகக் கலக்காது. அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியும் மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரும் ஒரு முட்டைக்கு ஈடு என்பது ஒட்டுவதற்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ஆளி விதை வெந்து இறுகாது. நான்கு முட்டையில் ஒன்றை அப்படி மாற்றலாம். நான்கையும் மாற்றினால் உள்ளே வேகாத மாவுபோல் இருக்கும். முட்டையே கூடாது என்றால், இசப்கோலையும் ஸ்டார்ச்சையும் கூட்டி அதற்கென்றே அமைத்த செய்முறையைத் தேடுவதுதான் சரி.

ஈஸ்ட் போட்டு இருமடங்காகக் காத்திருப்பது

பாதாமில் ஈஸ்ட் உண்ணும் மாவுச்சத்து மிகக் குறைவு. ஒரு டீஸ்பூன் தேனோ சர்க்கரையோ கொடுத்து, 40 டிகிரி செல்சியஸ் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்க வைத்தால் வாசனைக்குப் பயன்படும். ஒருமுறை மட்டும் உப்ப விடுங்கள். அமுக்கி மறுபடி உப்ப வைக்கும் கோதுமை வழக்கம் இங்கே பிரெட்டைத் தட்டையாக்கிவிடும், இழந்த வாயுவைத் திரும்பப் பிடிக்க வலை இல்லையே. உயரத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எழும்பினாலே நல்ல பிரெட். பெரிய டின்னில் ஊற்றிவிட்டுத் தட்டையாக இருக்கிறது என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

மேலே சிவந்ததும் எடுத்துவிடுவது

பாதாம் மாவு உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்துவிடும். 175 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் வேக வேண்டிய பிரெட், 30 நிமிடத்தில் தயார்போலத் தெரியும். அப்போது அலுமினியம் ஃபாயிலை மேலே தளர்வாக மூடிவிட்டுத் தொடர்ந்து வேகவிடுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 15 முதல் 20 டிகிரி குறைத்து வையுங்கள். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது, உருவம் இறுகும் முன் குளிர்ந்த காற்று பட்டால் நடுப்பகுதி இறங்கிவிடும்.

குச்சி குத்திப் பார்ப்பதை இந்த பிரெட்டில் நம்ப முடியாது. உள்ளே பிசுபிசுத்தாலும் குச்சி சுத்தமாக வந்துவிடும். தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 96 டிகிரி காட்ட வேண்டும். மலைப்பகுதியில் இந்த எண் செல்லாது. 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும், அங்கே 91 போதும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் டின்னிலிருந்து எடுத்து அடியைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால், டின் இல்லாமல் கம்பித் தட்டில் வைத்து இன்னும் 10 நிமிடம். நடு அமுங்கிய பிரெட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் போனவைதாம்.

சூட்டோடு வெட்டுவது

ஓவனிலிருந்து வந்தபின்னும் பிரெட் முடிந்துவிடவில்லை. ஸ்டார்ச்சும் இசப்கோல் ஜெல்லும் ஆறும்போதுதான் இறுகுகின்றன. சூட்டில் வெட்டினால் கத்தியில் பசைபோல் ஒட்டும், ஆவியும் ஒரேயடியாக வெளியேறி மறுநாள் உலர்ந்துவிடும். பத்து நிமிடத்தில் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். டின்னிலேயே ஆறவைத்தால் அடிப்பகுதி வியர்த்து ஊறிப்போகும்.

வெளியே வைத்திருப்பது

ஈரமும் முட்டையும் மிகுந்த பிரெட் வெளியே ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கோதுமை பிரெட் ஃபிரிட்ஜில் விறைத்துப்போகும். இதில் ஸ்டார்ச் குறைவு, அந்தப் பயம் இல்லை. ஐந்து நாள் வரை ஃபிரிட்ஜில் இருக்கலாம். அதற்கும் மேல் என்றால் துண்டு போட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். எண்ணெய்ச் சத்துள்ள மாவுகளையும் ஆளி விதைப் பொடியையும் மூடி ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். பெயின்ட் மாதிரி வாசனை வந்தால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை பிடித்துவிட்டது, எந்தச் செய்முறையும் அதை மறைக்காது. உறைந்த துண்டுகளை இளக வைக்காமல் நேரே டோஸ்டரில் போடலாம். கொழுப்பு அதிகம் என்பதால் சட்டென்று கருகும். குறைந்த சூட்டில் இரண்டு தடவை போட்டு எடுத்தால் உள்ளேயும் சூடேறி, ஓரமும் மொறுமொறுப்பாக வரும்.