ஓவ்லங்கா ஆற்றைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பின்லாந்தின் வடகிழக்கு மூலையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கே, ஓவ்லங்கா என்றொரு ஆறு ஓடுகிறது. பெரிய ஆறு இல்லை. நீளம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள் நிறைந்த காட்டில் சல்லா பகுதியில் தொடங்கி, கூசமோ பகுதி வழியாக ரஷ்ய எல்லையைத் தாண்டுகிறது. வடக்குக் காட்டாறு எப்படி இயங்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆற்றைத்தான் காட்டுவேன். இப்படிப்பட்ட ஆறுகளைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகள் பலவும் இந்த ஒரு ஆற்றைக் கவனித்தாலே தெரிந்துவிடும்.

முதலில் பெயர். பின்னிஷ் மொழியில் இதற்கு 'ஓவ்லங்காயொக்கி' என்று பெயர். 'யொக்கி' என்றாலே ஆறுதான். ஆகவே 'ஓவ்லங்காயொக்கி ஆறு' என்று எழுதினால் ஆறு இரண்டு தடவை வந்துவிடுகிறது. 'யார்வி' என்று முடிந்தால் ஏரி, 'கொஸ்கி' என்றால் பாறைகளுக்கிடையே நீர் விரைந்து பாயும் இடம். இந்த மூன்று சொல் தெரிந்தாலே அந்த ஊர் வரைபடம் பாதி புரிந்துவிடும். எல்லைக்கு அப்பால் இதே ஆற்றை 'ஓலங்கா' என்கிறார்கள். பெயர் மாறுவதால் இரண்டு ஆறு என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது, ஓடும் திசை. பின்லாந்து ஆறு என்றால் பால்டிக் கடலுக்குத்தானே போகும் என்று எடுத்துக்கொள்வது எளிது. அந்த நாட்டு ஆறுகளில் பல அப்படித்தான் போகின்றன. ஓவ்லங்காவோ நீர்ப்பிரி மேட்டுக்கு, அதாவது நீர் இரு கடல்களை நோக்கிப் பிரியும் மேட்டுக்கு, கிழக்கே இருக்கிறது. அது கிழக்கு நோக்கி ஓடி பானயார்வி என்ற ஏரியில் இறங்குகிறது. அங்கிருந்து ரஷ்யாவின் கரேலியாப் பகுதியிலுள்ள பெரிய ஏரிகள் வழியாக, கடைசியில் வெண்கடலைச் சேர்கிறது. பானயார்வி ஒடுங்கி நீண்ட ஏரி, ஆழம் மட்டும் 128 மீட்டர். நிலப்பிளவு ஒன்றின் வழியே அமைந்த பள்ளத்தாக்கு என்பதால்தான் அவ்வளவு ஆழம். இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை அந்த ஏரி பின்லாந்திடம் இருந்தது. பிறகு சோவியத் பக்கம் போய்விட்டது. இன்று இந்தப் பக்கம் 1956-இல் அமைந்த ஓவ்லங்கா தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் 1992-இல் அமைந்த பானயார்வி தேசியப் பூங்கா. எல்லைக்கோட்டோடு வரைபடத்தை வெட்டிவிட்டால் ஆற்றின் கதையில் பாதி போய்விடும். பெரிய ட்ரவுட் மீன்கள் அந்தப் பக்கத்து ஏரிகளில் வளர்ந்து, முட்டையிட இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு ஏறி வருகின்றன. மீனுக்கு அது ஒரே நீர்.

வலக்கரை, இடக்கரை சொல்வதிலும் தவறு நடக்கிறது. வரைபடத்தில் நம் கைப்பக்கம் எது என்று பார்த்துச் சொல்லக் கூடாது. நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் இருப்பதுதான் வலக்கரை. கித்கா என்ற துணையாறு தெற்கிலிருந்து வந்து எல்லைக்கு அருகே ஓவ்லங்காவில் கலக்கிறது. ஓவ்லங்கா கிழக்கே ஓடுவதால், அது வலக்கரைத் துணையாறு.

இந்தக் கித்காவை ஓவ்லங்காவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மிகப் பெரிய தவறு புரியும். மழை பெய்தால் வெள்ளம், மழை இல்லையென்றால் வறட்சி என்று நாம் ஆற்றைப் படித்துப் பழகியிருக்கிறோம். இங்கே குளிர்கால மாதங்களில் விழுவதெல்லாம் பனியாகக் காட்டுத் தரையில் அப்படியே கிடக்கும். ஆற்றுக்கு வருவது நிலத்தடியிலிருந்து கசியும் நீர் மட்டும். ஆக, ஓவ்லங்கா மிகவும் மெலிந்து ஓடுவது கடுங்குளிர் முடியும் தறுவாயில், சுற்றிலும் பனி குவிந்து கிடக்கும்போது! பிறகு மே மாதத்தில் அத்தனை மாதப் பனியும் சில வாரங்களில் உருகி ஒரேயடியாக இறங்குகிறது. மழை இல்லாமலே ஆண்டின் பெரிய வெள்ளம் வந்துபோகும். கோடை மழையும் இலையுதிர்கால மழையும் நீரைக் கொஞ்சம் ஏற்றும், ஆனால் வழக்கமாக மே மாத வெள்ளத்தை எட்டாது.

அப்படியானால் வடக்கில் எல்லா ஆறும் இப்படித்தானா? அதுவும் தவறு. கித்கா ஆறு மேல் கித்கா, கீழ் கித்கா என்ற இரண்டு பெரிய ஏரிகளிலிருந்து வருகிறது. பனி உருகி வரும் நீரை ஏரிகள் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால் கித்காவில் வெள்ளம் தணிந்து வரும், கோடையில் நீரும் அவ்வளவாகக் குறையாது. ஓவ்லங்காவின் மேல்பகுதியில் அப்படிப்பட்ட பெரிய ஏரி இல்லை. வந்த நீர் வந்த வேகத்தில் இறங்குகிறது. ஒரே காடு, ஒரே வானிலை, கலக்குமிடமும் ஒன்று. ஆனாலும் இரண்டுக்கும் இரண்டு குணம். ஒரு வடக்கு ஆற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் முதலில் தேடுவது அதன் தலைமாட்டில் ஏரி இருக்கிறதா என்பதைத்தான்.

நிறத்திலும் இந்த வேறுபாடு தெரியும். கித்காவின் நீர் தெளிவானது. ஓவ்லங்காவின் நீர் சற்றுப் பழுப்பு. இதைப் பார்த்து அழுக்கு, கழிவு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நிறம் சதுப்புகளிலிருந்து வருகிறது. சதுப்பு என்றதும் நமக்குப் பள்ளிக்கரணை போல நாணல் வளர்ந்த நீர்நிலைதான் கண்ணில் வரும். இது வேறு. ஸ்பாக்னம் என்ற பாசி வளர்ந்து, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் குவிந்த ஈர நிலம். அதன் வழியே கசியும் நீரில் தாவரச் சாறு இறங்கி, பால் ஊற்றாத தேநீரின் நிறம் ஏறுகிறது.

இவ்வளவு ஈரம் என்றால் மழை கொட்டும் என்று நினைப்போம். கூசமோவில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 500 முதல் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே குளிரில் நீர் ஆவியாவது குறைவு. அதனால் விழுந்தது தங்குகிறது, தங்கியது சதுப்பாகிறது.

ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருப்பதால் நிலத்தடி எப்போதும் உறைந்தே இருக்கும் என்று எழுதுவதும் சரியல்ல. அட்லாண்டிக் கடலின் வெப்பம் எட்டுவதால் இங்கே நிரந்தர உறைநிலம் கிடையாது. மண்ணின் மேற்பகுதி குளிர்காலத்தில் உறைந்து, கோடையில் இளகிவிடும். இதே அட்சரேகையில் கிழக்குச் சைபீரியாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே நீர் நிலத்துக்குள் இறங்க முடியாது. சைபீரிய ஆற்றைப் பற்றிப் படித்ததை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள்.

அப்புறம் வரைபடம். கியூத்தாகொங்காஸ் என்ற இடத்தில் ஆறு செந்நிறப் பாறைச் சுவர்களுக்கு நடுவே இரைந்து இறங்குகிறது. அங்கே பாறை இருப்பதால் கரை எளிதில் நகராது. அதைத் தாண்டி எல்லைப் பக்கம் போனால், பனியுகம் முடிந்தபோது உருகுநீர் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் தரை. அதில் ஆறு பாம்பு போல் வளைகிறது. வெளிவளைவில் கரையை அரித்து, உள்வளைவில் மணலைச் சேர்க்கிறது. சில வளைவுகள் துண்டித்துக்கொண்டு பிறை வடிவக் குளங்களாக நிற்கின்றன. ஒரு வெள்ளம் போனால் மணல் கரை சரிந்து, மேலே நின்ற பைன் மரம் தலைகுப்புற ஆற்றில் கிடக்கும். ஆகவே பழைய வரைபடத்தை வைத்து இந்தப் பகுதியின் நீளத்தை அளந்து, அதுவே என்றைக்கும் சரியென்று எழுதக் கூடாது.

கடைசியாக, ஒரு தவறு உயிரோடு விளையாடுவது. குளிர்காலத்தில் ஆறு முழுக்க ஒரே சீராக உறைந்திருக்கும் என்று நம்பி இறங்குவது. நீர் மெதுவாக ஓடும் இடங்களில் கெட்டியான பனிக்கட்டி மூடும். வேகமாகப் பாயும் இடத்துக்கு மேலும் கீழும் அது மெல்லியதாக இருக்கும், சில இடங்களில் உறையவே உறையாது. மேலே புதுப்பனி விழுந்துவிட்டால் எது கெட்டி, எது மெல்லியது என்று கண்ணுக்குத் தெரியாது. டிப்பர் என்ற சின்னப் பறவை கடுங்குளிரிலும் இந்த ஆறுகளில் நீருக்குள் முங்கி இரை தேடும். அது முங்கி எழுகிற இடத்தில் திறந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பனிக்கட்டியில் கால் வைக்கக் கூடாது.