காணொலியில் கைதி ஆஜர், நடுவில் மொழிபெயர்ப்பாளர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நிபந்தனைகள் புரிந்ததா?" என்று நீதிபதி கேட்டார். நான் அதைக் கைதியின் மொழியில் சொன்னேன். திரையில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது ஆட்சேபனை உண்டா?" என்று நீதிபதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் அதைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது சிறையிலிருந்து "ஆமாம்" வந்து விழுந்தது. அது முதல் கேள்விக்கான ஆமாம். தட்டச்சரின் விரல் ஆட்சேபனை என்ற இடத்தில் நின்றது. கையைத் தூக்கி, இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக மறுபடி கேட்கச் சொன்னேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நான் பார்க்கும் பெரும்பாலான கோளாறுகள் இந்த வகைதான். இணைப்பு கிடைத்துவிட்டது, படம் தெரிகிறது, அதனால் விசாரணை நடக்கிறது என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் தாமதம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 400ஐத் தாண்டினால் ஆள் மேல் ஆள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேறோர் இடத்திலிருந்து இணைந்தால் கேள்வியும் பதிலும் இந்தத் தாமதத்தைக் கூடுதலாக ஒரு சுற்று கடக்க வேண்டும். எனவே ஒரு கேள்விக்குப் பதில் வந்து, அது மொழிபெயர்த்து முடியும்வரை அடுத்த கேள்வி வேண்டாம். சொல்ல எளிது. வாய்தா பட்டியல் நீளமாக இருக்கும் நாளில் யாரும் பொறுப்பதில்லை.

அடுத்தது ஒலி. "ஹலோ, கேட்கிறதா?" "கேட்கிறது." இத்தோடு சோதனையை முடித்துவிடுவார்கள். ஹலோவைக் கேட்பதற்கு எந்த மைக்கும் போதும். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் அடையாளமோ பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. காதுக்குப் பழகிய மொழியில் விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்கொள்ளும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், தேதி, தொகை இவற்றை அப்படி நிரப்ப முடியாது. வழக்கு நிற்பது இவற்றின் மேல்தான். சோதனை என்றால் கைதியிடம் ஒரு பெயரையும் ஒரு ஆறு இலக்க எண்ணையும் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். பெரிய டிவி வாங்கும் பணத்தில் பாதியை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் செலவிடலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

மொழிபெயர்ப்பாளர் எங்கே உட்கார வேண்டும்? பல இடங்களில் இதை யாரும் முடிவு செய்வதே இல்லை. காலியாக இருக்கும் நாற்காலி முடிவு செய்கிறது. நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் நீதிபதிக்கு வசதி. ஆனால் கைதியின் காதோரம் மெல்லச் சொல்லிக்கொண்டே போகும் வழி அடைபட்டுவிடுகிறது. அவரை நோக்கிக் கேட்ட கேள்விகளை மட்டும் மொழிபெயர்ப்போம். இரு தரப்பு வழக்கறிஞர்களும் இருபது நிமிடம் வாதாடியது அவருக்கு வாயசைவாகவே போகும். தன் ஜாமீனைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதுகூடத் தெரியாமல் எழுந்து போனவரைப் பார்த்திருக்கிறேன். கைதியின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் முகம் தெரியும், தயக்கம் தெரியும். நீதிமன்றத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் இரைச்சல்தான் வரும். மூன்றாவது இடத்திலிருந்து, அதுவும் எல்லார் குரலும் வரும் ஒரே ஒலித்தடத்தில் இணைவதுதான் மிக மோசம்.

2008இல் தொடங்கி, இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய அவிடிக்கஸ் ஆய்வுகளில், காணொலி வழி மொழிபெயர்ப்பில் பிழைகள் கூடுவதும் களைப்பு சீக்கிரமே வருவதும் தெரிந்தது. 2010இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 64ஆம் எண் வழிகாட்டுச் சட்டமும் தொலைவிலிருந்து மொழிபெயர்க்க அனுமதிக்கிறது. ஆனால், நியாயமான விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் நேரில் இருப்பது தேவைப்பட்டால் கூடாது என்கிறது. என் கணக்கு இது: சாட்சியம் என்றால் கைதியின் பக்கத்தில், வாய்தா தேதி மட்டும் என்றால் எங்கிருந்தும் ஆகட்டும், ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி ஒலித்தடம் வேண்டும். நீண்ட விசாரணைக்கு இருவர் மாறி மாறி.

வழக்கறிஞரோடு தனியாகப் பேசும் நேரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. நீதிமன்ற இணைப்பிலேயே, மைக்கை அணைக்காமல், காவலர் அறைக்குள் நிற்கும்போதே "பேசிக்கொள்ளுங்கள்" என்பார்கள். சக்னோவ்ஸ்கி எதிர் ரஷ்யா வழக்கில் 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விசாரணைக்குச் சற்று முன் புது வழக்கறிஞரோடு காணொலியில் பேசக் கொடுத்த 15 நிமிடம் போதாது என்றது. அரசே நடத்தும் இணைப்பில் ரகசியம் காக்கப்படுமா என்ற அச்சத்தையும் அது ஒதுக்கிவிடவில்லை. அந்தப் 15 நிமிடத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் கைக்கு வருவது ஏழரை. தனி லிங்க், இரட்டிப்பு நேரம், கதவுக்கு வெளியே காவலர். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அன்றைக்கு வழக்கை நகர்த்த வேண்டாம்.

ஆவணத்தைக் கேமரா முன் பிடித்துக் காட்டுவதும் உண்டு. யாருக்கும் படிக்க வராது. முந்தின நாளே இரு முனைக்கும், எனக்கும் சேர்த்து, அனுப்பிவிடுங்கள்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. கைதி திரையைப் பார்ப்பார், லென்ஸ் மேலே இருக்கும். நீதிபதிக்கோ அவர் தலைகுனிந்து கண்ணைத் தவிர்ப்பது போலத் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டு. இது வெறும் அழகு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவின் குக் கவுண்டியில் 1999இல் பெரும்பாலான குற்ற வகைகளின் ஜாமீன் விசாரணையை மூடிய சுற்றுத் தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். 2010இல் வெளியான ஆய்வின்படி, அப்படி மாற்றிய வகைகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியது. நேரில் நடந்தவற்றில் அந்த ஏற்றம் இல்லை. 2008 இறுதியில் அந்த முறையையே கைவிட்டார்கள். சைகை மொழி தேவைப்படுபவர் என்றால் இடுப்பு வரை சட்டகத்துக்குள் வர வேண்டும், அவர் கையில் விலங்கு இருக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

எல்லாவற்றையும் காணொலியில் ஏற்றுவதும் தவறுதான். இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவு கோடு போட்டிருக்கிறது: போலீஸ் காவல் என்றால் ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் நிறுத்த வேண்டும்; நீதிமன்றக் காவலை நீட்டிக்கக் காணொலி போதும். உடம்பில் காயம் இருக்கிறதா என்று திரையில் தெரியாது, பக்கத்தில் நிற்பவரின் மிரட்டலும் தெரியாது.

கூட்டத்தில் எல்லாரிடமும் மியூட் இருக்கிறது, ஒலியைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது. கைதியிடம் எதுவும் இல்லை. எதிரில் நீதிபதி என்பதால் கேட்காவிட்டாலும் தலையாட்டுவார். "புரிகிறதா?" என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். "நான் இப்போது என்ன சொன்னேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினால் "கேட்கவில்லை" என்று தொடக்கத்திலேயே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்து திரும்பினால், விட்ட இடம் எது என்று நீதிமன்றமே ஊகிக்க வேண்டாம். கைதி கடைசியாகக் கேட்ட வாக்கியம் என்ன என்று அவரிடமே கேட்டு, அறுந்த நேரமும் மீண்ட நேரமும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அங்கிருந்து தொடருங்கள்.