ஊட்டி மூட்டத்துல, நடுவுல ஓட்டை இருக்கிற செராமிக் நார் இழுக்கிறது எப்படி

எலக்ட்ரோஸ்பின்னிங் (ஊசிக்கும் எதிர்ல உள்ள தட்டுக்கும் நடுவுல அதிக வோல்டேஜ் கொடுத்து, கரைசல மெல்லிய நாரா இழுக்கிறது) தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்தப் போஸ்ட், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். எங்க காலேஜ் லேப் இருக்கிறது ஊட்டியில, 2,200 மீட்டருக்கு மேல. நான் முழுசா மூணு வாரம் வீணாக்கினேன், நீங்க வீணாக்க வேண்டாம்.

முறை 2004-ல டான் லி, யூனான் சியான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினது. ஊசிக்குள்ள ஊசி, வெளி ஊசியில டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) ஆகப்போற கரைசல், உள் ஊசியில கெட்டியான மினரல் ஆயில். எண்ணெய எடுத்துட்டு சுட்டா நடுவுல ஓட்டை நிக்கும், அவ்வளவுதான் ஐடியா.

கரைசல்: 1.5 கிராம் டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு, 3 மி.லி. அசிட்டிக் ஆசிட், 3 மி.லி. எத்தனால். பத்து நிமிஷம் விட்டு, 7.5 மி.லி. எத்தனால்ல 0.45 கிராம் பி.வி.பி. (பாலிவினைல்பிரோலிடோன்ங்கிற பாலிமர், மூலக்கூறு எடை 13 லட்சம் உள்ளது, சின்னது வாங்கிடாதீங்க, நாரே வராது) கரைச்சு வச்சதோட சேர்த்து ஒரு மணி நேரம் கலக்குங்க. ஆசிட்ட மட்டும் விட்டுடாதீங்க, ஐசோப்ரொப்பாக்சைடு தண்ணிய பாத்ததும் வெள்ளையா திரியாம இருக்க அதுதான் காவல்.

இப்ப என்னை அழ வச்ச இடம். ஸ்விட்ச் போட்டு ரெண்டு நிமிஷத்துல ஊசி முனையில தயிர் மாதிரி ஒரு கட்டி, நார் நின்னுடும், துடைச்சுட்டு போட்டா மறுபடியும் கட்டி. பம்ப் சரியில்லன்னு திட்டினேன், ஊசிய மாத்தினேன், கடைசியில ஒரு நாள் ஜன்னல் வழியா மூட்டம் உள்ள வந்து மேஜை மேல உக்காந்தப்பதான் மண்டையில உறைச்சது, முனைய அடைக்கிறது காத்துல இருக்கிற ஈரம்!

காத்துல ஈரத்த எடுக்கிற மெஷின் (டீஹ்யூமிடிஃபையர்) வாங்க காசில்ல. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க: 10 டிகிரியில 100 சதவீத ஈரமா இருக்கிற காத்த அப்படியே 25 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் 40 சதவீதத்துக்கிட்ட இறங்கிடும், ஒரு சொட்டு தண்ணிய எடுக்காமலே. அதனால ஜன்னல சாத்திட்டு ரூம முதல்ல சூடாக்குங்க, அப்புறம் ஸ்பின் பண்ற அக்ரிலிக் பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சற நீல சிலிக்கா ஜெல் ரெண்டு தட்டு (ரோஸ் கலரா மாறினா 120 டிகிரி ஓவன்ல காய வைங்க). கம்பி சிவக்கிற ஹீட்டர் கூடவே கூடாது, எத்தனால் ஆவி இருக்கு, ஆயில் நிரப்பின ரேடியேட்டர்தான் என் ஓட்டு, அதையும் ஸ்பின் பண்ணும்போது அணைச்சுடுவேன்.

பம்ப் தள்ளற வேகம்: வெளி ஊசியில மணிக்கு 0.6 மி.லி., உள் ஊசியில 0.1. வோல்டேஜ் 12 கிலோவோல்ட். இங்க காத்து அழுத்தம் கம்மி, கீழ கோயம்புத்தூர்ல பொறி வராத தூரத்துலயும் வோல்டேஜ்லயும் இங்க பொறி பறக்கலாம், அதனால மெதுவா ஏத்துங்க. ஆஃப் பண்ணிட்டு எர்த் கம்பியால ஊசிய தொட்டு டிஸ்சார்ஜ் ஆக்காம கை வைக்காதீங்க, தனியா இருக்கும்போது ஓட்டவே ஓட்டாதீங்க.

இழுத்த நார ஒரு மணி நேரம் வெளிக்காத்துல வைங்க. இவ்வளவு நேரம் எதிரியா இருந்த ஈரம் இங்க வேலைக்காரன், மிச்ச ஐசோப்ரொப்பாக்சைட அதுதான் கெட்டியாக்கும். அப்புறம் ராத்திரி முழுக்க ஆக்டேன்ல ஊற வச்சு எண்ணெய எடுங்க, நான் அதுக்குப் பதிலா ஹெக்சேன்ல ஊற வைக்கிறேன், ஆவிய வெளிய இழுக்கிற ஃப்யூம் ஹூட்டுக்குள்ள. கடைசியா 500 டிகிரியில ஒரு மணி நேரம், மெதுவா ஏத்தி. பி.வி.பி. எரிஞ்சு போய் அனடேஸ்ங்கிற படிக வடிவ டைட்டானியா மிஞ்சும், நார் சுருங்கும், தொட்டா உடையும்.

அப்டேட்: கொடைக்கானல்ல இருந்து ஒருத்தர் நார் தட்டையா ரிப்பன் மாதிரி வருதுன்னு எழுதினாங்க. சுட்ட நார ஒடிச்சு உடைஞ்ச முனைய எஸ்.ஈ.எம்.ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாருங்கன்னு சொன்னேன், பாத்தா ஓட்டை சில இடத்துலதான் இருந்துச்சாம். உள் ஊசி ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. முனைய லென்ஸ் வச்சு பாத்து நடுவுக்கு கொண்டுவந்ததும் சரியாயிடுச்சு. நான் இப்ப ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி அதைத்தான் முதல்ல பாக்கறேன்.