தோண்டக் கிடைத்ததெல்லாம் நம்முடையதா? பழம்பொருள் விஷயத்தில் செய்யக்கூடாதவை

"பட்டா என் பேரில் இருக்கு, கிடைச்சது எனக்குத்தான்." மேலூர், திருமங்கலம் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது பானையோ காசோ சிலையோ தட்டுப்பட்டால் முதலில் வரும் பேச்சு இதுதான். முதல் தவறும் இதுதான்.

மண்ணுக்குள் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆமாம், வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய் வரம்பு. என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ போனால் வழி சொல்வார்கள். சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் பலரை மறைக்க வைக்கிறது. உண்மையில் பழைய உரிமையாளர் என்று யாரும் நிரூபிக்காதபோது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொண்டால் அது எதனால் செய்யப்பட்டதோ அந்தப் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

அடுத்தது, கிடைத்த சிலையைப் புளி போட்டு விளக்குவது. பீடத்தில் எழுத்து இருந்தால் தேய்ந்துவிடும். எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் முக்கியம். கீழடியில் தென்னந்தோப்புக்கு அடியிலிருந்து ஒரு நகரவாழ்வே வெளியே வந்ததற்குக் காரணம், குழியை அடுக்கடுக்காகப் பார்த்துப் பதிந்ததுதான். தேய்க்காமல் அப்படியே விட்டு, போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, மேலே சொன்னபடி தெரிவியுங்கள்.

கோயில் சிலை தனிக் கதை. கோயில் இடிந்துபோனது, பூசை நின்று தலைமுறை ஆச்சு, அதனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் பத்தூர் நடராசர் வழக்கைப் பார்க்க வேண்டும். 1976இல் தஞ்சைப் பக்கம் பத்தூரில் மண்ணிலிருந்து கிளம்பிய சிலை கைமாறி லண்டன் போனது. வாங்கிய நிறுவனம் நல்ல நம்பிக்கையில்தான் வாங்கியிருந்தது. ஆனாலும் சிதைந்து கிடந்த கோயிலுக்கே உரிமை என்று லண்டன் நீதிமன்றம் சொல்ல, 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். நம் சட்டத்திலும் சாமி சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு நபர்தான். பூசாரி வீட்டுப் பெட்டியில் வைத்துக் காத்த உற்சவர் பூசாரியுடையது ஆகிவிடாது.

சரி, தாத்தா காலத்து வீட்டுப் பொருள்? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். மதிப்புள்ள ஓலைச்சுவடிக்கு 75 வயது போதும். வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் சிற்பம், ஓவியம், படங்கள் வரைந்த சுவடி போன்றவற்றை மத்திய அரசு நியமித்த பதிவு அலுவலரிடம் படத்தோடு பதிய வேண்டும். பலருக்கு இது தெரியாது. விற்கவே கூடாது என்று நினைப்பதும் தவறு. பதிந்ததை விற்றால் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் கட்டாயம். தெருவில் பழைய சாமான் கேட்டு வருபவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு, சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு வீட்டுப் பழைய கிருஷ்ணரைப் பார்சலில் அனுப்புவது. தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும் மட்டுமே. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. போன வருடம் வார்த்த சிலையாக இருந்தாலும் பழசு போலத் தெரிந்தால் சுங்கத்துறை நிறுத்தும். கடை பில்லோடு, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.